பெர்மாங்கனேட்டின் நிறம் போகாத அந்த அரை நிமிடம்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும்போது வேதியியல் ஆய்வகங்களில் அடிக்கடி காணும் காட்சி இது. சரியாகச் சூடேறாத ஆக்சாலிக் அமிலத்தில் பியூரெட்டிலிருந்து (அடியில் திறப்பான் உள்ள அளவுக் குழாய்) ஊதா நிறப் பெர்மாங்கனேட்டின் முதல் சில துளிகள் விழுகின்றன. கரைசல் இளஞ்சிவப்பாகி அப்படியே நிற்கிறது. "சார், அதுக்குள்ள எண்ட் பாயிண்ட் வந்துடுச்சு" என்பார் ஒரு மாணவர், வினை முடிந்துவிட்டது என்று நினைத்து. பக்கத்தில் இருப்பவர் பொறுமை இழந்து திறப்பானை முழுதாகத் திறந்துவிடுவார். குடுவை கலங்கிப் பழுப்பாகிவிடும். வினை தொடங்கத் தாமதமாகும் என்பதை இருவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. "60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கு, துளித்துளியாகச் சேர்" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள்.

பெர்மாங்கனேட் அயனியும் ஆக்சாலிக் அமிலமும் நேரடியாக வினைபுரிவது மிக மெதுவாகத்தான். ஆனால் அந்த மெதுவான வினையில் கொஞ்சம் மாங்கனீசு(II) அயனி உண்டாகிறது. அது மீதமிருக்கும் பெர்மாங்கனேட்டோடு சேர்ந்து மாங்கனீசு(III)ஐத் தருகிறது. இந்த மாங்கனீசு(III) ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு, அதைச் சட்டென்று கார்பன் டை ஆக்சைடாக உடைத்து, தான் மறுபடி மாங்கனீசு(II) ஆகிறது. அதாவது வினையில் விளைந்த பொருளே வினையை விரட்டுகிறது. பாடநூலில் தன் வினைவேகமாற்றம் என்று ஒரு வரியில் கடந்துபோவது இதைத்தான். 1866இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்கோர்ட் என்ற வேதியியலாளரும் எஸ்ஸன் என்ற கணிதவியலாளரும் இந்த வினையின் வேகத்தை அளந்தார்கள். வினைவேகவியலுக்கே அடித்தளம் போட்ட ஆய்வுகளில் அது ஒன்று.

நம்பாதவர்களுக்கு இரண்டு சோதனைக்குழாய் போதும். இரண்டிலும் ஒரே அளவு ஆக்சாலிக் அமிலம், ஒரே அளவு நீர்த்த சல்பியூரிக் அமிலம். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை மாங்கனீசு சல்பேட் (மாங்கனீசு(II) உள்ள உப்பு) போட்டுக் கரைத்துவிடுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் சம அளவு பெர்மாங்கனேட் விடுங்கள். மாங்கனீசு சல்பேட் போட்ட குழாயில் ஊதா மறைந்து பழுப்பு கலந்த மஞ்சள் எட்டிப் பார்க்கும், அதுவும் வெளுத்துவிடும். மற்ற குழாய் அப்போதும் ஊதாவாகவே நிற்கும். இதைக் கண்ணால் பார்த்த மாணவர் முதல் துளி நிறம் போகும்வரை காத்திருப்பார். மிரட்ட வேண்டியதே இல்லை.

சூடாக்குவது ஆக்சாலிக் அமிலத்துக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதேபோல் பெர்மாங்கனேட்டால் அளக்கப்படும் மோர் உப்பு (இரும்பு உள்ள ஓர் உப்பு) அறை வெப்பநிலையிலேயே உடனுக்குடன் வினைபுரியும். பழக்கதோஷத்தில் அதையும் சூடாக்கினால் காற்றே இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், அளவு குறைந்து வரும். சல்பியூரிக் அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கூடாது. பெர்மாங்கனேட்டில் ஒரு பகுதி அதிலுள்ள குளோரைடோடு வினைபட்டே தீர்ந்துபோகும், இரும்பு இருந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும்.

சரி, தேர்வில் ஓர் அளவீடு தவறினால் மறுபடி செய்துகொள்ளலாம். என் கவலை வேறு. "ஒன்றும் நடக்கவில்லையே, இன்னும் கொஞ்சம் போடலாம்" என்ற அதே எண்ணம் தரம்பார்த்தலுக்கு (இந்தத் துளித்துளியான அளவீட்டுக்கு) வெளியே கையைச் சுட்டுவிடும். கிளிசரினை பெர்மாங்கனேட் படிகத்தின் மேல் விட்டால் முதலில் எந்தச் சலனமும் இருக்காது. சில விநாடிகள் ஆகலாம், படிகம் பெரிதாகவோ அறை குளிராகவோ இருந்தால் இன்னும் அதிகமாகலாம். பிறகு புகை, உடனே தீ. வினையில் வரும் வெப்பமே வினையை மேலும் வேகப்படுத்துவதால், தொடங்கியபின் நிறுத்த வழியில்லை. வீடியோ பார்த்துச் செய்பவர்கள் குனிந்து பார்ப்பதும், இன்னும் கொஞ்சம் ஊற்றுவதும் சரியாக அந்த அமைதியான நேரத்தில்தான். அடர் சல்பியூரிக் அமிலத்தை பெர்மாங்கனேட் படிகத்தோடு சேர்ப்பது அதைவிட மோசம்: உருவாகும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு வெடிக்கும். நீர்த்த அமிலம் என்று செய்முறைக் குறிப்பில் இருந்தால் நீர்த்த அமிலம் மட்டுமே.

அப்புறம், கழிவு பாட்டில். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. தேர்வு முடிந்ததும் மிச்சமான பெர்மாங்கனேட், ஆக்சாலிக் அமிலம், சல்பியூரிக் அமிலம் எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கொட்டி இறுக மூடி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. குளிர்ந்த கரைசல் என்பதால் கொட்டும்போது நுரைகூட வராது. ஆனால் ஒரு லிட்டர் 0.1 N (நார்மல் என்ற செறிவு அலகு) ஆக்சாலிக் அமிலம் முழுவதும் வினைபட்டால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். மூடிய கண்ணாடி பாட்டிலில் அதற்கு இடம் எங்கே?

மிச்ச பெர்மாங்கனேட்டை வாயகன்ற பீக்கரில் நன்றாக நீர்த்து, கொஞ்சம் நீர்த்த அமிலம் சேர்த்து, ஆக்சாலிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுங்கள். ஒவ்வொரு முறையும் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தபிறகே அடுத்தது. முழுவதும் நிறமற்றுப்போய், குமிழி அடங்கியபின் கழிவு பாட்டிலுக்கு மாற்றலாம். அன்று இரவு மட்டுமாவது மூடியைத் தளர்த்தியே வையுங்கள்.