ஒரு பதிவு, பல சேர்வர்: யார் அழிப்பது?

கொழும்பு வெள்ளவத்தையில் நாலு நண்பர்கள் சேர்ந்து, மாதம் கொஞ்சம் காசு போட்டு, தமிழில் எழுதுகிறவர்களுக்காக ஒரு மாஸ்டடான் சேர்வர் நடத்துகிறார்கள் என்று வையுங்கள். மாஸ்டடான் என்பது ட்விட்டர்போலப் பதிவு போடும் சமூக ஊடக மென்பொருள், யாரும் அதைத் தன் சேர்வரில் நிறுவி நடத்தலாம். அதில் போடும் பதிவு அங்கேயே நிற்காது. எழுதியவரைப் பின்தொடர்கிறவர்கள் டொரொண்டோ, பெர்லின் என்று வேறு சேர்வர்களில் இருந்தால், ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மடல் போவதுபோல அந்த ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு பிரதி போய்விடும். இவை பேசிக்கொள்ளும் பொது மொழி ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் தரநிலையானது.

சரி, அந்தப் பதிவு ஒரு சமூகத்தின் மேல் வெறுப்பைக் கக்குகிறது. வெள்ளவத்தை நிர்வாகி அதை அழித்தால் மற்றச் சேர்வர்களுக்கும் 'நீக்கிவிடு' என்ற செய்தி போகும், ஒழுங்கான சேர்வர் கேட்டு நடக்கும். ஆனால் கட்டாயப்படுத்த யாருமில்லை. மென்பொருளை மாற்றியமைத்த சேர்வரிலோ, அந்த நேரம் செயலிழந்து கிடந்ததிலோ பிரதி அப்படியே இருக்கலாம். வெள்ளவத்தை நிர்வாகி கண்டுகொள்ளாமல் விட்டால்? பெர்லின்காரர் தன் பக்கத்துப் பிரதியை நீக்கலாம், இல்லையென்றால் வெள்ளவத்தையோடு தொடர்பையே அறுக்கலாம். 2019இல் தீவிர வலதுசாரிகள் கூடும் காப் (Gab) என்ற சமூக ஊடகத் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது பல சேர்வர்கள் இப்படித்தான் செய்தன. காப் அழியவில்லை, தனித்துப்போனது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நமது இலங்கையின் 2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின்படி, அதன் கீழ் அமையும் ஆணைக்குழு அறிவித்தல் அனுப்பினால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். பெரிய கம்பனிகளிடம் அதற்கென்றே சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து இரவில் முறைப்பாடு பார்க்கிற நாலு பேரிடம் யார் இருக்கிறார்கள்? பயந்து சேர்வரை மூடினாலும் டொரொண்டோ பிரதி அசையாது. அப்புறம் அரசின் கையில் மிஞ்சுவது முடக்கம்தான். கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது 2018 மார்ச்சிலும், பிறகு 2019, 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை முடக்கினார்கள், ஏராளமானோர் விபிஎன் போட்டு உள்ளே போனார்கள்.

அந்த 2018 வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. நம் மொழியும் ஊர்ப் பேச்சும் தெரிந்த, பதிவுகளைப் பார்த்து நீக்கும் மட்டுறுத்துநர்கள் எவ்வளவு தேவை என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும், ஒரு வசைச்சொல்லின் உள்குத்து அவர்களுக்குத்தான் உடனே பிடிபடும். சின்ன சேர்வர்களில் அந்த ஆட்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை விரட்டுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் சிறு நிறுவனங்களுக்குப் பல கடமைகளிலிருந்து விலக்குக் கொடுத்து, 45 மில்லியன் பயனர்களைத் தாண்டிய தளங்கள் மேல்தான் முழுச் சுமையையும் ஏற்றுகிறது. கொழும்பில் சட்டத்திருத்தம் பேசுகிறவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.