ஸ்பிரிங்கை இழுப்பது பாதி, திரும்ப விடுவது மீதி

பாயில் மல்லாந்து படுக்க வேண்டும். தலையையும் தோளையும் தூக்கி, நீட்டிய கால்களைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே நிறுத்த வேண்டும். கைகளை உடலை ஒட்டி நீட்டி, ஒரு சாணுக்கும் குறைவான உயரத்துக்கு மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை இழுப்பது, அடுத்த ஐந்துக்கு விடுவது. இப்படிப் பத்து சுற்று, மொத்தம் நூறு அசைவு. பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறையின் பாய்ப் பயிற்சிகளில் முதலில் வரும் இதன் பெயரே ‘ஹண்ட்ரட்’. படிக்கச் சுலபம். செய்தால் பாதிகூட முடியாமல் பலருக்குக் கழுத்து இறுகிவிடும், வயிறு கூம்பிப் புடைக்கும், இடுப்பு வளைந்து தரையை விட்டு எழும்பும்.

வேலை செய்வது கை என்று தோன்றும். உண்மையில் சோதனை வயிற்றுக்குத்தான். நீட்டிய கால்களின் எடை, தொடையையும் முதுகெலும்பையும் இணைக்கும் தசைகள் வழியாகக் கீழ்முதுகை முன்னோக்கி இழுக்கிறது. கையசைவு உடலை விடாமல் குலுக்குகிறது. இந்த இரண்டையும் மீறி நடுவுடம்பு அசையாமல் இருக்க வேண்டும். அதே நேரத்தில் மூச்சும் ஓட வேண்டும். வயிறு இறுகியிருப்பதால் காற்றுக்கு இடம் தர விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிகின்றன.

நடுவுடம்பைத் தாங்குவதில் நாலு பக்கமும் தசைகளுக்குப் பங்கு உண்டு. மேலே மூச்சை இழுக்க உதவும் உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், பின்னால் முதுகெலும்பின் கணுக்களை ஒட்டி ஓடும் மல்டிஃபிடஸ், முன்னும் பக்கமும் வயிற்றைக் குறுக்காகச் சுற்றியிருக்கும் ஆழ்தசை. இவை சேர்ந்து இறுகும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, முதுகெலும்புக்கு உள்ளிருந்து ஒரு முட்டுக்கொடுப்பு கிடைக்கிறது. 1996-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. முதுகுவலி இல்லாதவர் கையைத் தூக்கும்போது, கை நகரும் முன்பே இந்தக் குறுக்குத் தசை இறுகிவிடுகிறது. முதுகுவலி உள்ளவர்களிடம் அது தாமதமாகிறது. தாமதம்தான் வலியைக் கொண்டுவந்ததா, வலியால்தான் தாமதம் வந்ததா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் பிலாட்டீஸைப் பிசியோதெரபி உலகம் ஆர்வத்தோடு திரும்பிப் பார்த்ததில் இந்த மாதிரி ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பயிற்சி முறையை உருவாக்கியவர் ஜோசப் பிலாட்டீஸ். 1883-ல் ஜெர்மனியின் மென்சன்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல் என்று நோஞ்சானாக இருந்தவர், ஜிம்னாஸ்டிக்ஸும் குத்துச்சண்டையும் பழகி உடம்பைத் தேற்றினார். பிழைப்புக்காக இங்கிலாந்து போன இடத்தில் முதல் உலகப் போர் பிடித்துக்கொண்டது. எதிரி நாட்டவர் என்று அடைக்கப்பட்டு, மேன் தீவில் இருந்த நாக்கலோ முகாமில் இருந்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்த இடம் அது. அங்கே சக கைதிகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். எழ முடியாத நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங் கட்டி, படுத்தபடியே கைகால்களை இயக்கவைத்தார் என்ற கதை இன்றும் ஸ்டூடியோக்களில் சொல்லப்படுகிறது. அதற்கு ஆவண ஆதாரம் மெலிதுதான். ஆனாலும் அவருடைய கருவிகளைப் பார்த்தால் அந்தக் கதை ஏன் ஒட்டிக்கொண்டது என்று புரியும்: பல கருவிகள் கட்டில் மாதிரியே இருக்கும், ஸ்பிரிங் இல்லாதவை குறைவு.

இந்த ஸ்பிரிங்தான் எனக்கு இந்த முறையிலேயே பிடித்த விஷயம். ‘ரிஃபார்மர்’ கருவியில் சக்கரம் வைத்த மெத்தைப் பலகை ஒன்று சட்டத்துக்குள் முன்னும் பின்னும் ஓடும். அதில் படுத்து, காலால் கம்பியை உதைத்தால் பலகை நகர்ந்து ஸ்பிரிங் நீளும். இரும்பு எடை தூக்கும்போது அதன் எடை மாறுவதில்லை. ஸ்பிரிங்கோ நீள நீள அதிகமாக இழுக்கும். கால் முழுதாக நீண்ட இடத்தில்தான் இழுப்பு உச்சம். அப்புறம்தான் முக்கியமான பாதி வருகிறது. காலைத் தளர்த்திவிட்டால் பலகை பாய்ந்து வந்து சட்டத்தில் இடிக்கும். சத்தமில்லாமல் திரும்ப வேண்டுமென்றால், தொடைத் தசை நீண்டுகொண்டே எதிர்த்துப் பிடிக்க வேண்டும். தசைக்கு வலுவேற்றுவதில் இப்படி நீண்டபடி தாங்கும் வேலைக்குத் தனி இடம் உண்டு. படி இறங்கும்போது தொடை செய்வதும் இதே வேலைதான்.

ஸ்பிரிங்கைக் குறைத்தால் பயிற்சி சுலபமாகும் என்றும் இல்லை. பலகை மீது கை ஊன்றியோ முழங்கால் போட்டோ செய்யும் சில பயிற்சிகளில் ஸ்பிரிங் லேசாக இருந்தால் பலகை நழுவப் பார்க்கும். அதை நிறுத்தும் வேலை முழுக்க வயிற்றுத் தசைகள் மேல் விழும்.

1926-ல் நியூயார்க் போன ஜோசப், மனைவி கிளாராவோடு எட்டாவது அவென்யூவில் ஸ்டூடியோ நடத்தினார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் அங்கே தேடி வந்தார்கள். நடன மேதைகள் ஜார்ஜ் பாலன்சீனும் மார்த்தா கிரஹாமும் அவரை அறிந்தவர்கள். தன் முறையை அவர் ‘கன்ட்ராலஜி’ என்றுதான் அழைத்தார். 1945-ல் வந்த அவருடைய புத்தகத்தில் 34 பாய்ப் பயிற்சிகள் இருக்கின்றன. 1967-ல் அவர் இறந்த பிறகே அவருடைய பெயர் பயிற்சிக்கு நிலைத்தது. அந்தப் பெயர் யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்று 2000-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் பெயர்ப்பலகை மாட்டலாம் என்றானது.

அவர் சொன்ன எல்லாமே நிலைக்கவில்லை. முதுகெலும்பு தட்டையாக இருக்க வேண்டும் என்று நம்பியவர் அவர். இன்று பெரும்பாலான பயிற்றுநர்கள் இயல்பான வளைவைக் காக்கச் சொல்கிறார்கள். முதுகெலும்பின் வளைவுகள் சுமை தாங்குவதற்காகவே இருப்பதால், இந்த மாற்றம் சரியானது.

முதுகுவலிக்குப் பலன் உண்டா? மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 ஆய்வுத் தொகுப்பு, 510 பேரை வைத்து நடந்த 10 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சும்மா இருப்பதோடு ஒப்பிட்டால் வலி குறைகிறது. மற்ற உடற்பயிற்சிகளை விட மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே, நடையோ நீச்சலோ ஒத்துவருகிறது என்றால் அதை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டியதில்லை. தொப்பையைக் கரைக்கும் மந்திரமாக இதை விற்பவர்களை நம்பவும் வேண்டாம். ஒரு தசையை இயக்கினால் அதன் மேல் இருக்கும் கொழுப்பு மட்டும் கரைவதில்லை.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதுகைச் சுருட்டி எழும் ‘ரோல் அப்’, பந்து மாதிரி உருளும் பயிற்சி போன்றவை முதுகெலும்புக் கணுக்களின் முன்பக்கத்தை நசுக்கும். கணு உடையவும் கூடும். ஹண்ட்ரடைக்கூட இவர்கள் தலையைக் கீழே வைத்து, முழங்காலை மடக்கிச் செய்யலாம். மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டு, முதல் வகுப்பிலேயே அதைப் பயிற்றுநரிடம் சொல்லிவிட வேண்டும்.