கற்பூரம் போல் கரையும் உந்துபொருள்

பூஜை அறையில் திறந்து வைத்த கற்பூரம் சில நாளில் காணாமல் போய்விடும். உருகி ஓடிய தடம் இருக்காது. திடப்பொருள் நேரே ஆவியாகும் இந்தப் பதங்கமாதலை நம்பித்தான் பிரான்ஸின் த்ரஸ்ட்மீ நிறுவனம் ஒரு செயற்கைக்கோள் எஞ்சினைச் செய்தது. கற்பூரத்தின் இடத்தில் அயோடின்.

இது மின் உந்துவிசை எஞ்சின்; இதில் எதுவும் எரிவதில்லை. வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து அயனிகளாக்கி, மின்னழுத்தம் ஏற்றிய வலைத்தட்டுகளால் அவற்றை இழுத்துப் பின்னோக்கி வீசுவார்கள். கலம் முன்னே நகரும். 1000 வோல்ட் கொடுத்தால் ஓர் அயோடின் அயனி நொடிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். ரசாயன ராக்கெட்டின் வாயுவுக்கு 4.5 கிலோமீட்டரைத் தாண்டுவதே கடினம். வீசும் வேகம் கூடக்கூட, அதே வேலைக்குக் கொஞ்சம் பொருளே போதும். நேர்மின் அயனிகள் மட்டும் வெளியேறினால் கலத்தில் எதிர்மின்னூட்டம் சேர்ந்துவிடும் என்பதால், எலக்ட்ரான்களையும் கூடவே வெளியே விடுகிறார்கள்.

விசை என்னவோ மிகச் சிறியது. இந்த எஞ்சின் தருவது 1 மில்லிநியூட்டன் அளவில்தான். உள்ளங்கையில் நாலைந்து அரிசிமணி வைத்த பாரம். ராக்கெட்டைத் தரையிலிருந்து கிளப்ப உதவாது. காற்று அநேகமாக இல்லாத சுற்றுப்பாதையில், விடாமல் தள்ளினால் பலன் சேரும்.

நெடுங்காலம் இந்த வேலைக்குப் பெரும்பாலும் செனான் வாயுதான். காற்றில் ஒரு கோடிப் பங்குக்கு ஒரு பங்குகூடக் கிடைக்காத வாயு அது, விலை அதிகம். உயர் அழுத்தத்தில் கனமான கலனில் அடைக்க வேண்டும். சின்னஞ்சிறு செயற்கைக்கோளில் அதற்கு இடமேது? தனிம அட்டவணையில் செனானுக்கு முந்தைய கட்டத்தில் இருப்பது அயோடின். அணு எடையும் கிட்டத்தட்ட அதே. எலக்ட்ரானைப் பிரிக்க இன்னும் குறைந்த ஆற்றல் போதும். தண்ணீரைப்போல் 4.9 மடங்கு அடர்ந்த திடப்பொருளாக, அழுத்தமே இல்லாமல் பெட்டிக்குள் கிடக்கும்.

ஆனால் அயோடின் உலோகத்தை அரிக்கும். ஆகவே அது படும் பாகங்களைப் பீங்கானாலும் பாலிமராலும் காக்க வேண்டும். ராக்கெட் ஏறும்போது குலுங்கி உடையாமலிருக்க, துளைகள் நிறைந்த அலுமினா பீங்கானுக்குள் அயோடினை ஊறவைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் அடைப்பான். அயோடினை ஆவியாக்கும் சூடேற்றியை அணைத்ததும் குறுகிய துளையில் ஆவி குளிர்ந்து மறுபடி திடமாகி, வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். மறுமுறை சூடேற்றினால் ஆவியாகித் திறக்கும். குழாய் அடைபடுவது எந்த எஞ்சினிலும் கோளாறு. இங்கே அதுவே பூட்டு.

2020 நவம்பர் 6 அன்று, சீனாவின் ஸ்பேஸ்டி நிறுவனம் கட்டிய சுமார் 20 கிலோ எடையுள்ள பெய்ஹாங்கோங்ஷி-1 செயற்கைக்கோளில் இந்த எஞ்சின் மேலே போனது. ஒவ்வொரு முறையும் சுமார் ஒன்றரை மணி நேரம் இயங்கியதில் சுற்றுப்பாதையின் உயரம் சில நூறு மீட்டர் மாறியது. விண்ணில் அயோடின் அயனிகளால் ஒரு கலம் நகர்ந்தது அதுவே முதல்முறை.