‘புரியுது மேடம், ஆனா எக்ஸாம்ல வரல’

போன வாரம் என் அறைக்கு ஒரு மாணவன் வந்தான். முதலாம் ஆண்டு. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் உள்தேர்வில் 50க்கு 11. கையில் ஒரு நோட்டு. தலைப்புக்கு நீலம், சூத்திரத்துக்குச் சிவப்பு, விடைக்குப் பச்சைக் கட்டம் என்று பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. “கிளாஸ்ல நீங்க சொல்றது எல்லாமே புரியுது மேடம். வீடியோவும் பார்க்கிறேன். ஹால்ல போய் உட்கார்ந்தா கை ஓட மாட்டேங்குது. எனக்கு இன்ஜினியரிங் செட் ஆகாதோன்னு தோணுது” என்றான்.

இந்த செமஸ்டரில் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளோடு என்னிடம் வந்த ஒன்பதாவது பிள்ளை அவன். 22 வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நோட்டை மூடச் சொன்னேன். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். 5 மீட்டர் ஏணி, எடை 200 நியூட்டன், சுவரில் சாய்த்திருக்கிறது. ஏணியின் அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. சுவர் வழுவழுப்பு, அங்கே உராய்வு கிடையாது. தரையில் உராய்வுக் கெழு 0.5. தரை தருகிற உராய்வு விசை எவ்வளவு?

“இது நோட்டுலயே இருக்கு மேடம்” என்றான், முகம் மலர்ந்து. இருந்ததுதான், எண்கள் மட்டும் வேறு. அரை நிமிடம்கூட ஆகவில்லை. உராய்வு என்றால் மியூ இன்டு என், அதாவது உராய்வுக் கெழு பெருக்கல் தரை மேல்நோக்கித் தாங்குகிற விசை; 0.5ஐ 200ஆல் பெருக்கினால் 100 நியூட்டன். பழக்க தோஷத்தில் அதைச் சுற்றிக் கட்டம்கூடப் போட்டுவிட்டான்.

“சரி, சுவர் ஏணியை எவ்வளவு தள்ளுது?”

அடிப்புள்ளியை வைத்துத் திருப்புத்திறன் (விசை பெருக்கல் அந்தப் புள்ளியிலிருந்து அதன் செங்குத்துத் தூரம்) எடுத்தான். அதைத் தவறில்லாமல் செய்தான். எடை நடுவில், அதாவது அடியிலிருந்து கிடைமட்டமாக 1.5 மீட்டர் தூரத்தில். ஏணியின் உச்சி 4 மீட்டர் உயரத்தில். 200 × 1.5 = 300; அதை 4ஆல் வகுத்தால் 75 நியூட்டன்.

“சுவர் 75 நியூட்டன்ல வெளியே தள்ளுது. தரை 100 நியூட்டன்ல உள்ளே தள்ளுது. அப்போ ஏணி எங்கப்பா போகுது?”

ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கணக்குப்படி, சும்மா நிற்கிற ஏணி சுவருக்குள் புகுந்துகொண்டு போக வேண்டும். உராய்வு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வரும். 100 என்பது அதன் உச்சவரம்பு. இங்கே தேவை 75, அதனால் உராய்வு 75. சறுக்கப்போகிற அந்த நொடியில் மட்டுமே மியூ என் என்று எழுதலாம். நான் திருத்துகிற விடைத்தாள்களில் வருடம் தவறாமல் தலைகாட்டுகிற பிழை இது.

அவன் பொய் சொல்லவில்லை. வகுப்பில் நிஜமாகவே அவனுக்குப் புரிந்திருந்தது. ஆனால் புரிந்தது நான் போட்ட கணக்கு. ஒரு கணக்கில் எந்தப் பொருளைத் தனியாகப் பிரித்து விசைப்படம் வரைவது, எந்தப் புள்ளியை வைத்துத் திருப்புத்திறன் எடுப்பது, இது சறுக்கும் நிலையா, சும்மா நிற்கும் நிலையா என்பதெல்லாம் முடிவுகள். பொறியியலில் கஷ்டமான வேலை இந்த முடிவுகளை எடுப்பதுதான். கரும்பலகையில் அவற்றை நான் எடுத்துவிடுகிறேன், வீடியோவில் அங்கே பேசுகிறவர் எடுத்துவிடுகிறார். உங்களுக்கு மிச்சம் இருப்பது கூட்டல், பெருக்கல். அது புரியாமல் எப்படிப் போகும்? நீச்சல் குளத்தின் கரையில் உட்கார்ந்து ஒருவர் நீந்துவதை எட்டு மணி நேரம் பார்த்தாலும் கை வீசுவது, கால் உதைப்பது எல்லாம் புரியத்தான் செய்யும். தண்ணீரில் இறங்கினால்தான் சங்கதி தெரியும்.

இதை நான் வீம்புக்குச் சொல்லவில்லை. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரு கட்டத்தில் மட்டும் வாசித்துவிட்டு, பிறகு மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னிலை: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இத்தனைக்கும் “எனக்கு நன்றாக நினைவிருக்கும்” என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்த குழுவினர்தான். என் அறைக்கு வந்த ஒன்பது பேரும் சொன்ன கதை அந்த 83க்கும் 40க்கும் நடுவில் கிடக்கிறது. முந்தின நாள் இரவு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வறையில் ஒன்றும் வராது.

கணக்குக்கும் தனியாகப் பார்த்திருக்கிறார்கள். 2007இல் டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் நான்கு விதக் கனவடிவங்களின் கனஅளவைக் கற்றுக்கொடுத்துப் பயிற்சி தந்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரே வகைக் கணக்குகள் வரிசையாக, இன்னொரு குழுவுக்கு எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு. பயிற்சியின்போது வரிசையாகப் போட்டவர்களுக்கு 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்களுக்கு 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வரிசைக்காரர்கள் 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63. காரணம் எளிது. ‘உராய்வு’ என்ற பாடத்தின் கீழ் இருக்கிற 12 கணக்கையும் போடும்போது, எந்த முறையைப் பயன்படுத்துவது என்பதைத் தலைப்பே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. கேள்வித்தாளில் தலைப்பு இருக்காது.

அடுத்து, “மோட்டிவேஷன் வர மாட்டேங்குது மேடம்.” வந்த ஒன்பது பேரில் ஏழு பேர் இதையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒரு பெண் ராத்திரி 1 மணி வரை ஊக்க உரைகளாகக் கேட்டுவிட்டு, காலையில் வகுப்பில் தூங்கி வழிந்தாள். அம்மா, ஆர்வம் முதலில் வந்து, அது உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மேசையில் உட்கார வைக்காது. பெரும்பாலும் நடப்பது தலைகீழ். உட்கார்கிறோம், முட்டி மோதுகிறோம், ஏதோ ஒரு கணக்கு நம் கையாலேயே விழுகிறது. அப்போதுதான் அடுத்ததைப் போட்டுப் பார்க்கலாமே என்று ஆசை வருகிறது. மனிதனுக்குள்ளிருந்து எழுகிற ஊக்கத்தைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் அதற்கு மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: நானே தேர்ந்தேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. விடையைப் பார்த்தே படிக்கிறவனுக்கு இரண்டாவது கிடைக்கவே கிடைக்காது. ஒரு கணக்கைக்கூடத் தானாக முடித்திராதவனுக்குப் பாடம் எப்படிப் பிடிக்கும்? படிப்பு கசக்கிறதே என்று படிப்பையே குறை சொல்வதற்கு முன்னால், எப்படிப் படிக்கிறோம் என்று ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று. “எனக்கு மெக்கானிக்ஸ் வராது” என்று வருகிறவர்களின் தாளை உற்றுப் பார்த்தால் பல நேரம் மெக்கானிக்ஸில் தப்பே இருக்காது. சைன் போட வேண்டிய இடத்தில் கொசைன் போட்டிருப்பார்கள். அடைப்புக்குறியை நீக்கும்போது மைனஸ் தொலைந்துபோயிருக்கும். ஓட்டை பள்ளிக் கணிதத்தில் இருக்கிறது. அதை அடைக்க வெட்கப்படாதீர்கள். நுண்கணிதம் தடுமாறினால் வகைக்கெழுச் சமன்பாடு தடுமாறும். அது தடுமாறினால் அதிர்வியல், மின்சுற்று, கன்ட்ரோல் சிஸ்டம் எல்லாம் வரிசையாக அரியர். இரண்டு வாரம், தினம் அரை மணி நேரம் பழைய முக்கோணவியலைப் போடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் என்னிடம் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது? வகுப்பு நடந்த அன்றைக்கே, தூங்கப் போகும் முன் 15 நிமிடம், ஒரு வெற்றுத்தாளில் அன்று நடந்ததைப் பார்க்காமல் எழுதுங்கள். அசிங்கமாக, அரைகுறையாகத்தான் வரும். வரட்டும். வராத இடம்தான் நாளைக்கு நீங்கள் படிக்க வேண்டிய இடம். வண்ணப் பேனாக்களை மேசை டிராயருக்குள் போடுங்கள். தீர்த்துக் காட்டிய கணக்கென்றால் விடையை ஒரு அட்டையால் மூடிக்கொண்டு 25 நிமிடம் போராடுங்கள். நகரவே இல்லையா? எங்கே, ஏன் நின்றோம் என்று ஒரு வரி எழுதிவிட்டு, அட்டையை ஒரே ஒரு வரி கீழே இறக்குங்கள். மறுபடி மூடுங்கள். மறுநாள் அதே கணக்கை முதலிலிருந்து போடுங்கள். இந்தக் கடைசிப் படியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பலன் அதில்தான் இருக்கிறது.

வார இறுதியில் ஐந்து வெவ்வேறு பாடப்பகுதிகளிலிருந்து ஐந்து கணக்கை எடுத்துக் கலைத்துப்போட்டுப் பாருங்கள். “இன்னைக்குப் படிக்கணும்” என்று நினைத்தால் நடக்காது. “6:30க்கு நூலகத்தில் அந்த ஜன்னலோர மேசை, முதல் வேலை மூன்றாவது கணக்கு” என்று முடிவு செய்துகொண்டால் நடக்கும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால் போதாது. ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள், பாதித் தப்பு தானாகப் பிடிபடும். கூட்டாகப் படிக்கலாம், ஆனால் முதலில் தனியாக முயன்ற தாளோடு போங்கள். இல்லையென்றால் ஒருவர் போட, நான்கு பேர் காப்பி எடுப்பதில்தான் முடியும். தேர்வுக்கு முந்தின இரவு விழிக்காதீர்கள். படித்தது மூளையில் படிவதற்கே தூக்கம் வேண்டும்.

இப்போது கேட்டதும் விடையைக் கொட்டும் ஏஐ செயலிகள் வந்துவிட்டன. வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. “இந்தக் கணக்கைப் போட்டுக் கொடு” என்று கேட்டீர்களானால், முடிவெடுக்கிற வேலையை மறுபடி வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். நீங்கள் போட்டதைக் கொடுத்து, “எந்த வரியில் தப்பு, விடையைச் சொல்லாதே” என்று கேளுங்கள். அது சொல்வதையும் சரிபாருங்கள்.

என்னோடு பாடம் நடத்துகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் பலகையில் ஒரு அடித்தல்கூட இல்லாமல் மூன்று கணக்கைப் போட்டுவிட்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்கிறோம். அவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலுக்கு நாமும் பொறுப்பு. முதல் ஆறேழு வருடம் நானும் அப்படித்தான் நடத்தினேன். இப்போது கணக்கைப் பாதியில் நிறுத்தி, ஐந்து நிமிடம் வகுப்பை அமைதியாக விட்டுவிடுகிறேன். பாடத்திட்டம் கொஞ்சம் பின்தங்கும். பரவாயில்லை.

மாணவர்களிடம் ஒரு கெஞ்சல். ரிசல்ட் வந்த பிறகு வராதீர்கள். மூன்றாவது வாரமே வாருங்கள். வரும்போது வெறுங்கையோடு வராமல் நீங்கள் முட்டி நின்ற தாளைக் கொண்டு வாருங்கள். “ஒண்ணுமே புரியல” என்றால் எனக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. தாள் இருந்தால் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். இன்னொன்று: வாரக்கணக்கில் தூக்கமில்லை, படுக்கையை விட்டு எழவே முடியவில்லை, பிடித்த எதுவுமே பிடிக்கவில்லை என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். படிப்புப் பழக்கம் அப்புறம். முதலில் ஒரு ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன்.

அந்தப் பையன் அன்றைக்குக் கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டான். “மேடம், ஏணி சும்மா நிக்கிறப்போ 75 போதும். ஆள் ஏறினா?”

“700 நியூட்டன் ஆளை ஏத்திப் பாரு. எவ்வளவு தூரம் போகலாம்னு நீயே சொல்லு” என்றேன்.

மறுநாள் காலை வகுப்புக்கு முன்பே வாசலில் நின்றிருந்தான். தாளில் நான்கு இடத்தில் அடித்தல். முதல் முயற்சியில் ஆளின் எடையை ஏணியின் நடுவிலேயே வைத்திருக்கிறான், பிறகு தானே கண்டுபிடித்து அடித்திருக்கிறான். கீழே விடை: ஏணி வழியாக 3.57 மீட்டர். “உச்சிக்குப் போக முடியாது மேடம், அதுக்குள்ள சறுக்கிடும். இங்க மட்டும் மியூ என் போட்டேன். சறுக்கப்போற நொடிதானே இது?”

தாளைத் திருப்பினேன். நான் கேட்காத ஒரு கணக்கு பின்பக்கத்தில் பாதியில் நின்றிருந்தது. அடியை 3 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு இழுத்து வைத்தால் அந்த ஆள் உச்சிவரை போகலாமா?

“அதைப் பார்க்காதீங்க மேடம், இன்னும் முடிக்கல” என்று தாளை வாங்கிக்கொண்டான். “மத்தியானம் கொண்டு வர்றேன்.”