கேரவனில் உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள்

கேரவன் என்பது மேலே வீடு கட்டிய வண்டி. அதன் அடிவண்டிக்குப் பாகம் தேடுவது பெரிய வேலையில்லை. கிளட்ச், சஸ்பென்ஷன் போன்றவை பார்ட் நம்பரைச் சொன்னால் பெரும்பாலும் கிருஷ்ணகிரி கடைகளிலேயே கிடைத்துவிடும். சிக்கல் மேலே உள்ள வீட்டில்தான். ஜன்னல் கொக்கி, கூரை வென்ட் (காற்றுப்போக்கி), ஓரங்களை அடைக்கும் ரப்பர் பீடிங், தண்ணீர் குழாய் இணைப்பு இவற்றைச் செய்த கம்பெனி மாடலை நிறுத்தியிருக்கும், அல்லது கம்பெனியே மூடியிருக்கும். ஒரு கொக்கிக்காக முழு ஜன்னலையும் மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் நிறைய பேர். அந்தச் செலவு தேவையே இல்லை. உடைந்த துண்டுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள். பட்டறையில் செய்யப்போகும் புதுப் பாகத்துக்கு அதுதான் வரைபடம்.

முதலில் முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் இழுபட்டு வெளுத்திருந்தால் தாங்கும் அளவுக்கு மேல் பலம் விழுந்திருக்கிறது. மேல்பரப்பு சுண்ணாம்பு போலப் பொடிந்து, வெட்டியது மாதிரி சுத்தமாக முறிந்திருந்தால் வெயிலில் மக்கியிருக்கிறது. விரிசல் கூரான உள்மூலையிலிருந்து கிளம்பியிருந்தால் வடிவமே கோளாறு. அதை அப்படியே நகலெடுத்தால் புதியதும் அங்கேயே உடையும். பட்டறையில் அந்த மூலைக்கு 1 மி.மீ. வளைவு வைக்கச் சொல்லுங்கள்.

அளவு எடுக்கும்போதும் கவனம் வேண்டும். தேய்ந்த பக்கத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் தேய்மானமும் சேர்ந்து நகலாகும். தேயாத ஓரத்தில் அளங்கள், அல்லது எதிர்ப் பக்கத்து ஜன்னலில் நல்ல நிலையில் உள்ள ஜோடியைக் கழற்றி அளங்கள். வலது, இடது கொக்கிகள் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும், மறந்துவிடாதீர்கள். அளவைப் பார்த்துப் பாகம் செய்யும் லேத் (கடைசல் மெஷின்), சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) பட்டறைகளுக்கு ஓசூரில் பஞ்சமில்லை. ஒரு பீஸுக்கும் நான்கு பீஸுக்கும் மெஷின் செட்டிங் செலவு ஒன்றுதான். அதனால் நான்காகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டீரியல் தேர்வில்தான் அதிகம் தவறு நடக்கிறது. லேத்காரர் கையில் இருக்கும் நைலானைக் கடைந்து கொடுப்பார். நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும்; தண்ணீர் படும் புஷ் (தண்டு சுழலும் வளையம்) இறுகிப்போகும். அங்கே டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கைக் கேளுங்கள். டெல்ரினில் பசை ஒட்டாது, ஸ்க்ரூவில்தான் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்யும் 3டி பிரிண்ட் என்றால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம். அது 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் தர்மபுரியில் பூட்டி நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக் சூட்டையும் வெயிலையும் தாங்கும். கொக்கியில் இழுப்பு எந்தத் திசையில் விழுகிறதோ அந்தத் திசையிலேயே அடுக்குகள் ஓடும்படி படுக்க வைத்து பிரிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். நிற்க வைத்து அடித்தால் அடுக்கு பிரிந்து முறியும்.

கூரை வென்ட்டுக்குப் பிராண்டைத் தேடி அலைய வேண்டாம், ஓட்டையை அளங்கள். ஐரோப்பிய வண்டிகளில் 400க்கு 400 மி.மீ., அமெரிக்க வண்டிகளில் 14 அங்குலம், அதாவது சுமார் 356 மி.மீ. பரவலான அளவு. ஓட்டையும் கூரைத் தடிமனும் பொருந்தினால் வேறு கம்பெனி வென்ட்டும் உட்காரும். பழைய சிலிகானை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகே பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) ஒட்டுங்கள். சிலிகான் படலம் மிச்சம் இருந்தால் அதன்மேல் எதுவும் பிடிக்காது. முதல் மழையிலேயே ஒழுகும்.

புது பீடிங் வாங்க, பழையதன் நேரான பகுதியிலிருந்து 5 செ.மீ. வெட்டி, வெட்டு முகத்தில் மை தடவி கிராஃப் தாளில் ஒற்றி எடுங்கள். மூலையில் வெட்டினால் நசுங்கிய வடிவம்தான் கிடைக்கும். பி.வி.சி. வெயிலில் விறைத்துவிடும், ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் வகையைக் கேளுங்கள். மாட்டும்போது இழுக்கவே கூடாது. இழுத்த ரப்பர் பின்னாளில் சுருங்கி இணைப்பில் வாய் திறக்கும். மூன்று மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, நெருக்கித் தள்ளி, இணைப்பைக் கீழ்ப்பக்கம் வையுங்கள்.

ஜன்னலில் உள்ள அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) உடைந்தால் கண்ணாடி போடாதீர்கள். எடை இரண்டு மடங்கு, கீல் தாங்காது. அக்ரிலிக் ஒரு மீட்டருக்கு 30 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 2 மி.மீ. விரியும். அதனால் 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 6 மி.மீ. ஓட்டை, ரப்பர் வாஷர். தின்னர் தொட்டுத் துடைத்தால் மயிரிழை விரிசல் விழும், சோப்புத் தண்ணீர் போதும்.

லேத்துக்கே கொண்டுபோகக் கூடாதவையும் உண்டு. பிரேக், ஸ்டியரிங், வீல் போல்ட் ஆகியவற்றில் கம்பெனி பாகம் மட்டும்தான். தொப்பூர் கணவாயில் இறங்கும் வண்டியில் கடைசல் பாகத்தை நம்பக் கூடாது. கேஸ் அடுப்பில் சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் வால்வை எக்காரணம் கொண்டும் பைபாஸ் செய்யாதீர்கள்.

கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜின் பின்குழாய்களில் அழுத்தத்தில் அம்மோனியா இருக்கிறது. அதில் வெல்டிங் வைத்தால் உயிருக்கே ஆபத்து. பழுதான அந்த ஃப்ரிட்ஜையே எடுத்துவிட்டு 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வையுங்கள். பழைய கேஸ் லைனுக்கு அதே த்ரெட்டில் (மரையில்) பித்தளை பிளக் போட்டு, சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். பேட்டரியிலிருந்து 4 சதுர மி.மீ. ஒயரைத் தனியாக இழுத்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். மெல்லிய ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கினால் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகாமல் கட் ஆகிக்கொண்டே இருக்கும்; நல்ல ஃப்ரிட்ஜைக் குறை சொல்லித் திருப்பி அனுப்ப நேரும்.