பாண்டி ஆட்டமும் தொலைக்காட்சியும்: வளரும் உடலின் கணக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்க்கும் பெற்றோர் இரவு எட்டரைக்கு மேல்தான் வீடு திரும்புகிறார்கள். பள்ளி விட்டு வந்த குழந்தை அதுவரை லைன் வீட்டுக்குள் தொலைக்காட்சியின் துணையில் இருக்கிறது. வேறு வழியில்லாதவர்களின் ஏற்பாடு இது என்பதால் இதைப் பழிப்பதில் பயனில்லை. அந்த நேரத்தில் உடலுக்கு எவை கிடைக்காமல் போகின்றன என்று பார்ப்பதே பயனுள்ளது.

முதலில் எலும்பு. வாசலில் பாண்டி ஆடும் சிறுமி ஒற்றைக் காலில் குதித்து ஊன்றும்போது, அவளுடைய கால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நிமிர்கிறது. அப்போது எலும்புக்குள் உள்ள நுண்கால்வாய்களில் திரவம் நகர, அங்கே பதிந்திருக்கும் உயிரணுக்கள் அந்த ஓட்டத்தை உணர்ந்து, எலும்பு கட்டப்படுவதைத் தடுக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்னும் புரதத்தின் சுரப்பைக் குறைத்துவிடுகின்றன. தடை தளர்ந்ததும் புதிய எலும்பு படிகிறது. நீண்டு தொடரும் ஒரே சீரான அசைவைவிட, விட்டுவிட்டு விழும் வேகமான அதிர்ச்சிக்கே எலும்பு நன்றாக இணங்கும் என்பதால், மெதுவான நடையைவிடப் பாண்டி மேலானது. ராகிக்களியும் பாலும் கால்சியம் தரும். அதை எங்கே படியவைப்பது என்பதைத் தீர்மானிப்பதில் குதிப்புக்குப் பெரும் பங்குண்டு.

அடுத்து கண். டியூப்லைட் எரியும் அறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே மரநிழலில்கூட அது பல ஆயிரம். வலுவான வெளிச்சத்தில் விழித்திரையில் சுரக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருள், விழிக்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைக் கட்டுப்படுத்துவதாகக் கருதப்படுகிறது. அப்படி நீள்வதுதான் கிட்டப்பார்வை. சீனாவின் குவாங்சோ நகரில், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிட வெளிப்புற நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்றாண்டு முடிவில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் அங்கே சுமார் 30 சதவீதம், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் சுமார் 40 சதவீதம் என 2015இல் வெளியான முடிவு காட்டியது. தொலைக்காட்சியை எட்டி உட்கார்ந்து பார்ப்பதைவிட, முகத்தருகே பிடிக்கும் செல்போனே கண்ணுக்குக் கூடுதல் சுமை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திரையைப் பார்த்தபடி உண்ணும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது எளிதில் தெரிவதில்லை. இரவு நேரத் திரை உறக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பதோ ஆழ்ந்த உறக்கத்தில்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படக் கூடாது; உடலசைவோ மூன்று மணி நேரமாவது வேண்டும். கொங்கு நாட்டின் சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் பிள்ளைகளை வெளியே அனுப்பத் தேவையில்லை. மாலை ஐந்து மணி வெளிச்சமும் வேப்பமர நிழலும் அறை விளக்கைவிடப் பல மடங்கு வலுவானவை. அந்த நேரத்தில் லைன் வீட்டு வாசலில் பாட்டியோ அக்கம்பக்கத்தவரோ ஒருவர் உட்கார்ந்திருந்தால், எலும்புக்கும் கண்ணுக்கும் வேண்டியது இரண்டும் அங்கேயே கிடைத்துவிடும்.