ரெக்ரூட்டிங்: ஆட்சேர்ப்பா, ஆள்பிடிப்பா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பார்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே 'ரெக்ரூட்டிங்' வந்துவிடும், அதாவது கல்லூரி அணிகள் பள்ளிக்கூடப் பையன்களைத் தேடிப்போய் இழுக்கும் வேலை. ஆட்டம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜனவரியில் முடிந்துவிடுகிறது, இந்தப் பேச்சு மட்டும் வருஷம் முழுக்க ஓடுகிறது. (அங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். நம்முடைய கால்பந்து அவர்களுக்கு சாக்கர்.)

தமிழில் எழுதும்போது அகராதியைப் பார்த்து 'ஆட்சேர்ப்பு' என்று போட்டுவிட்டுப் போகிறோம். தப்பில்லை. ஆனால் ஆட்சேர்ப்பு என்றதும் நமக்குக் கண்முன் வருவது ராணுவ முகாம்தான்: விடிகாலையில் மைதானத்து வாசலில் சான்றிதழ் ஃபைலோடு வரிசையில் நிற்கும் பையன்கள், உயரம் அளக்க ஒருவர், மார்பளவு எடுக்க ஒருவர். அங்கே வேண்டி நிற்பவன் பையன். ரெக்ரூட்டிங்கில் கதை தலைகீழ், வேண்டி நிற்பது கல்லூரி.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் தலைமைப் பயிற்சியாளர் ஒரு பள்ளிக்கூடப் பையன் வீட்டுக்கு நேரில் போய், அவன் அம்மாவின் எதிரே உட்கார்ந்து, 'உங்கள் மகனை என் மகன் மாதிரி பார்த்துக்கொள்வேன்' என்ற பாணியில் பேசிவிட்டு வருவார். அந்தப் பையனுக்கு ஏற்கெனவே தரவரிசை நிறுவனங்கள் நட்சத்திரம் போட்டிருக்கும். ஐந்து நட்சத்திரம் என்றால் ராஜ மரியாதை. கையெழுத்துப் போடும் நாளில் மேஜைமேல் நாலைந்து கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து, ஒரு தொப்பியை நோக்கிக் கையைக் கொண்டுபோய், கடைசி நொடியில் பக்கத்துத் தொப்பியை எடுத்து மாட்டுவான். ஊரே கத்தும். 1964இல் தொடங்கி 2024 வரை இதற்கென்றே நாடு தழுவிய ஒப்பந்தக் கடிதம் ஒன்றும் வழக்கில் இருந்தது.

இந்த நட்சத்திரக் கணக்கை முழுசாக நம்பவும் முடியாது. இன்று என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக்கில் பெரிய பெயரான ஜாஷ் ஆலனுக்குப் பள்ளி முடிக்கும்போது எந்தப் பெரிய கல்லூரியும் இடம் தரவில்லை. ரீட்லி என்கிற சின்னக் கல்லூரியில் ஒரு வருஷம் ஆடிவிட்டு வயோமிங் பல்கலைக்கழகம் போனார். 'எங்கள் ஆட்கள் எப்படிக் கோட்டைவிட்டார்கள்' என்று மற்றக் கல்லூரி ரசிகர்கள் புலம்ப ஒரு பெயர் வேண்டுமென்றால் இவர் பெயர் போதும்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு மொழியில் 'ரக்ரூ' என்றால் புதிதாகச் சேர்ந்த படை. அதற்குத் தாய்ச்சொல் 'மறுபடி வளர்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினை. போரில் ஆள் குறைந்துபோன படை புது ஆட்களால் திரும்ப வளர்கிறது, அதுதான் அடிப்படைக் கருத்து. அதே 'வளர்தல்' வேரில்தான் வளர்பிறையைக் குறிக்கும் 'கிரசென்ட்' வந்தது, பேக்கரியில் விற்கும் குரோசான் வந்தது, நம் சினிமாக்காரர்கள் நாள்தோறும் சொல்லும் 'க்ரூ'வும் வந்தது. க்ரூ என்பதற்குப் பழைய பொருளே படைக்குக் கூடுதலாக வந்து சேர்ந்த ஆட்கள் என்பதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீன் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஹாலந்துப் பத்திரிகையைப் படித்து 'ரெக்ரூத்தே' போன்ற உருப்படாத சொற்களைக் கற்றுக்கொள்ளாதே என்று கண்டித்திருக்கிறார். பிரெஞ்சுக்காரருக்கே தமிழ்வாத்தியார் தொல்லை இருந்திருக்கிறது. பெயர்ச்சொல்லை அவர் ஏற்றுக்கொண்டார், அதை வினையாக்கியதுதான் பிடிக்கவில்லை. பிறகு அந்த வினைதான் உலகமெல்லாம் சுற்றியது. ஆங்கிலத்தில் நெடுங்காலம் படைமுகாமில் கிடந்து, அப்புறம் அலுவலகத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் வந்து சேர்ந்தது.

தமிழில் என்ன சொல்லலாம் என்பதற்கு 'சேர்' என்ற வினையையே பார்த்தால் போதும். கல்லூரியில் சேர்ந்தான் என்றால் அவனாகப் போனான்; சேர்த்துக்கொண்டார்கள் என்றால் இவர்கள் இழுத்தார்கள். நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பெரும்பாலும் நடப்பது முதல் வகை: பையன் மாநில அளவில் ஆடிய சான்றிதழை நகலெடுத்துக்கொண்டு போய் இடம் கேட்கிறான். அதற்கு 'சேர்க்கை' என்ற சொல் பொருந்தும், மாணவர் சேர்க்கை என்று அறிவிப்புப் பலகையிலேயே இருக்கிறது. ரெக்ரூட்டிங் இரண்டாம் வகை. அதனால் 'வீரர் சேர்ப்பு' என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆட்சேர்ப்பு ராணுவத்துக்கும் வேலைவாய்ப்புக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பேச்சில் இதைவிடக் காரமான சொற்கள் உண்டு. ஜூன் மாதம் வந்தால் தனியார் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் 'எங்களைப் பிள்ளை பிடிக்க அனுப்புறாங்க' என்று அலுத்துக்கொள்வார்களே, ரெக்ரூட்டிங்குக்கு நம் மண்ணில் இருக்கும் மிக நெருங்கிய சொல் அந்தப் 'பிள்ளை பிடித்தல்'தான். கிராமத்துக் கபடிப் போட்டியில் 'அவனுங்க வெளியூர் ஆளை இறக்கிட்டானுங்க' என்பது வேறு சங்கதி, அது ஒரு போட்டிக்குக் காசு கொடுத்துக் கூட்டி வருவது.

காசு என்றதும் அமெரிக்கக் கல்லூரிகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வீரர்களுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்ததற்காக டல்லஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் 1987 கால்பந்துப் பருவம் முழுக்க ரத்தானது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து வெளிப்படையாகவே சம்பாதிக்கலாம். 2025இல் ஒரு வழக்கில் வந்த தீர்வுப்படி கல்லூரிகளே, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை, வீரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் படையை மூலப்படை (வழிவழியாக வரும் படை), கூலிப்படை என்று தொடங்கி ஆறாகப் பிரிப்பார். பழைய ரசிகர்கள் இப்போது கல்லூரி அணிகளைப் பார்த்து முனகுவது ஏறக்குறைய இந்த முதல் இரண்டின் வித்தியாசத்தைத்தான்.

சாக்கர் பக்கம் போனால் சொல் மாறிவிடும். ஐரோப்பிய கிளப்புகளில் 'ஸ்கவுட்'தான் ராஜா. அவர் ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களைப் பார்த்துக் குறிப்பெழுதுவார், கிளப் ஒப்பந்தம் போடும். 2000 டிசம்பரில் 13 வயது மெஸ்ஸிக்கு பார்சிலோனாக்காரர்கள் காகிதக் கைத்துடைப்பானில் உறுதி எழுதிக் கொடுத்தது தெரிந்த கதை. ஸ்கவுட் என்ற சொல்லின் வேர் 'காதுகொடுத்துக் கேட்டல்'. தமிழில் பழைய 'சாரணர்' ஒற்றரையும் குறிக்கும். பள்ளியில் கழுத்துத்துணி கட்டிய சாரணர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டதால் இங்கே 'திறன் தேடுநர்' என்று எழுதலாம், கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது.

வீரர் சேர்ப்பு சினிமாவுக்கும் ஓர் ஆளைத் தந்திருக்கிறது. ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்ன் கால்பந்து உதவித்தொகையில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்; கடலலையில் விளையாடி அடிபட்டு ஆட்டமும் போய், உதவித்தொகையும் போய், ஸ்டூடியோவில் சாமான் தூக்கும் வேலைக்குப் போனார். 1970இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். அந்த வருஷப் போட்டியில் டஸ்டின் ஹாஃப்மன், ஜான் வாய்ட், பீட்டர் ஓ'டூல், ரிச்சர்ட் பர்ட்டன் நால்வரும் தோற்றார்கள். என்னைக் கேட்டால் அது நடிப்புக்கு இல்லை, இத்தனை வருஷச் சேவைக்குக் கொடுத்தது.

கூடவே வரும் இரண்டு சொற்கள். 'கமிட்' நமக்குப் புதிதில்லை, 'அடுத்த படத்துக்குக் கமிட் ஆகிவிட்டார்' என்று தினமும் படிக்கிறோம். பையன் கையெழுத்துக்கு முன் வாயால் சொல்வதற்கு 'வாக்குக் கொடுத்தான்' போதும், அதைப் பையன்கள் அடிக்கடி மீறுவதற்கும் சொல் தயாராக இருக்கிறது: வாக்குத் தவறினான். 2018இல் வந்த 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்', வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியல். 'இடமாற்ற வாயில்' என்று யாராவது மொழிபெயர்ப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: கட்சித்தாவல் இருக்கிற மொழியில் இது அணித்தாவல்.